யார் கையில் நின்றது?

பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களுக்கு வாசலிலேயே பாதி உயிர் போய்விடும். அவர்கள் எதிரில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, இடுப்புப் பையிலிருந்து சங்கிலியை இழுத்து, கடிகாரத்தின் மூடியை டப்பென்று திறந்து, "இன்னும் கொஞ்ச நேரம்தாங்க" என்று நான் சொன்னால் மீதி உயிரும் போய்விடுகிறதாம். டாக்டரம்மாவின் புகார் இது.

"எமனுக்குக் கணக்கு எழுதுற ஆள் மாதிரி இருக்கே நீ. சுவத்துல அவ்வளவு பெரிய கடிகாரம் மாட்டி வச்சிருக்கேன். அந்தப் பழங்காலத்துச் சாமானை வீட்டுல வச்சுட்டு வந்தா குடியா முழுகிடும்?"

முழுகிவிடும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

கடிகாரம் அப்பாவுடையது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு கப்பல் தலைவன் பிரியும்போது கண்ணீரோடு அவர் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனான் என்பார். பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கினார் என்பாள் அம்மா. எது எப்படியோ, வெளியே கிளம்பினால் அது இல்லாமல் கிளம்ப மாட்டார். எங்களைத் தொடவும் விட மாட்டார். ரொம்பக் கெஞ்சினால் மட்டும், என்னையும் அண்ணனையும் இரண்டு தொடையிலும் உட்கார வைத்து, "கண்ணை மூடிக்கோ, அப்பத்தான் நல்லா கேட்கும்" என்று காதோரம் வைப்பார். டக், டக், டக் என்று கேட்கும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம்.

அப்பா போன பிறகு சண்டை. கடிகாரத்துக்காகத்தான் சண்டை என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் எனக்கு போனில் சொன்னது, "சாதாரணக் காய்ச்சல்தான், நீ அலைய வேண்டாம்." சாதாரணக் காய்ச்சல்! நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தைத் துணி விலக்கித்தான் காட்டினார்கள். அதை நான் எப்படி மறப்பேன்? என்னை விட்டுவிட்டு அவன் மட்டும் அப்பாவை வழியனுப்பிக்கொண்டான். கடிகாரத்தையாவது நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவனும் பிடியை விடவில்லை. மூத்தவனாம்.

பஞ்சாயத்துக்கு மாமா வந்தார். கிடங்குக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையாவது சீல் வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு வாரம் அவன், ஒரு வாரம் இவள் என்றார். யார் முறையோ அவர் உடம்பில் போட்டிருக்க வேண்டும், பெட்டியில் பூட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கைக்குக் கை கொடுக்க வேண்டும். பின்மூடியை இருவரும் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. சொன்னதோடு நிற்காமல், பின்மூடியின் மேல் காகித நாடா ஒட்டி, அதில் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, மேலே பசை தடவிக் காயவும் வைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "யார் கையில இது நின்னு போகுதோ, அவங்க அதை மொத்தமா விட்டுடணும். அடுத்தவங்களுக்கே சொந்தம். சம்மதமா?" என்று கூட்டத்தின் நடுவில் கத்தினேன். அண்ணன் எதையும் கவனமில்லாமல் போட்டு உடைக்கிறவன். அவன் கையில்தான் நிற்கும் என்று நம்பினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சம்மதம்" என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்மா பீரோவிலிருந்து எடுத்து முதலில் அவனிடம் கொடுத்தாள். அவன் வாரம் முடிந்த ஞாயிறு, எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற பேருந்து நிலையத்தில், பழுதாகிப்போன காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் என்னிடம் கொடுத்தான். மூடியைத் திறந்து பார்த்தேன். மணி சரியாக இருந்தது. நான்கு பக்கமும் பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன, அறிவிப்புக் குழாய் வேறு காதைக் கிழித்தது. "ம்" என்றேன். "ம்" என்றான். அப்போதெல்லாம் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து திறந்தால் முள் அதே இடத்தில் நிற்கிறது. அவன் கொடுத்தபோது என்ன மணியோ அதே மணி.

ஆட்டினேன், தட்டினேன், உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். சாவி கொடுக்கும் திருகாணியைத் திருகினால் அது பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனது. நான்தான் முறுக்கி உடைத்துவிட்டேனா, அதற்கு முன்பே நின்றுவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. முதல் நாளே! வாங்கிய கையில் சூடு ஆறவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வாய்விட்டுக் கத்தவும் முடியாது.

கடிகாரம் அவனுக்கே போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. கடிகாரம் அவனுக்கே போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எதற்கு? அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வேறு காரணமே இல்லை. வெறுமனே போய், "உன்னைப் பார்க்கணும் போல இருந்துச்சு" என்று நிற்கிற ஜாதி இல்லை நான். அவனும் அப்படித்தான். அந்த "ம்" ஒன்றுதான் எங்களுக்குள் மிச்சமிருந்த உறவு. அதுவும் போனால் எனக்கு அண்ணன் இல்லை.

ஆகவே மறைத்தேன். வாரம் முழுவதும் ஓடாத கடிகாரத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அது லேசான காரியம் இல்லை. முதலில், பெண்கள் உடுப்பில் பை என்று ஒன்று வைக்கிறார்களா? கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒவ்வொரு சட்டையிலும் பை வைக்கச் சொன்னேன். "கர்ச்சீப் வைக்கவா?" "கடிகாரம் வைக்க." அந்த அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். சங்கிலி பேருந்துக் கம்பியில் மாட்டும். கடைவாசல் சோதனைக் கதவு கீச்சென்று கத்தும், காவலாளி என்னைத் தனியாக நிறுத்தி வைப்பான். மணி கேட்டால் முதலில் என் கண் சுவருக்கு ஓடும், அதற்குப் பிறகுதான் கை மூடியைத் திறக்கும். நின்றுபோனதைச் சுமக்கிறவளுக்கு இந்த வித்தை தானாக வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு, பேருந்து நிலையக் கழிப்பறைக்குள் போய் திருகாணியை வெளியே இழுத்து, கைப்பேசியைப் பார்த்து முள்ளைச் சரியாகத் திருப்பி வைத்தேன். சாவி ஏறாவிட்டாலும் முள் நகர்ந்தது. வெளியே வந்து அவனிடம் கொடுத்தேன்.

"நல்லா ஓடுதில்ல?" என்றான். அன்றைக்கென்று வாய் திறக்கிறான்!

"ஏன், ஓடாம?" என்று சீறினேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. அவன் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்திருப்பான், இந்நேரம் மாமாவுக்குச் சொல்லியிருப்பான் என்று போன் மணி அடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கடிகாரத்தைக் கொடுத்தான். திறந்தேன். மணி துல்லியமாக இருந்தது.

என்னிடம் செத்துப்போனது அவனிடம் எப்படிப் பிழைத்தது? பின்மூடியில் நாடா அப்படியே ஒட்டியிருந்தது, என் கோணல் கையெழுத்தோடு. பழுது பார்க்கவில்லை என்றால் தானாக ஓடியிருக்கிறது. பேருந்தில் ஏறி உட்கார்ந்து மறுபடி திறந்தேன். நின்றிருந்தது. அவன் விரலை விட்டு என் விரலுக்கு வருவதற்குள் அது எப்படி நிற்கும்?

இப்படியே வாரங்கள் ஓடின, கடிகாரம் மட்டும் ஓடவில்லை. என்னிடம் வந்தால் நிற்கும், அவனிடம் போனால் ஓடும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தேன். யாருக்கோ நடந்ததைக் கேட்பது போல டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"சிலரோட உடம்புல காந்தம் மாதிரி ஒண்ணு இருக்கும்னு சொல்வாங்க" என்றார் டாக்டரம்மா. "எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா உன்னைப் பார்த்தா நம்பலாம் போலத்தான் இருக்கு."

பின்னறையில் பல் செட் செய்கிறவர் கையில் மாவோடு எட்டிப் பார்த்து, "போன் உறையில காந்தம் இருக்குதா பாருங்க" என்றார். இருந்தது. உறையைக் கழற்றி எறிந்தேன். கைப்பைப் பூட்டில் காந்தம், பையை மாற்றினேன். கைப்பேசியை வலது பக்கமும் கடிகாரத்தை இடது பக்கமும் வைத்து நடந்தேன். பல் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கிற அறைப் பக்கமே போகாமல் நோயாளிகளை வாசலிலிருந்தே கையசைத்து உள்ளே அனுப்பினேன். கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவனிடம் நீட்டினால், அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பேட்டரி எங்கக்கா போடுறது?" என்றான். பின்மூடி நாடாவைக் கிழிக்கட்டுமா என்று நகத்தை வைத்தான். பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

ஒரு நாள் மதியம், காத்திருப்பறையில் ஆள் இல்லாத நேரம், அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. அப்பா அவன் பக்கம். கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தவன் அவன். நான் வரவில்லை. என்ன காரணமாக இருந்தால் என்ன, நான் வரவில்லை. செத்த பிறகும் அவர் அவனிடம்தான் பேசுகிறார், என்னிடம் வாயை மூடிக்கொள்கிறார். பைத்தியக்கார நினைப்பு என்று எனக்கே தெரியும். தெரிந்தும் அழுதேன். கன்னம் வீங்கி உள்ளே வந்த ஒருவர், வலி எனக்குத்தான் என்று நினைத்து, "நீங்க முதல்ல போங்கம்மா" என்றார்.

அதற்கு அடுத்த ஞாயிறு நல்ல மழை. வழக்கம்போலக் கழிப்பறையில் முள்ளைத் திருப்பிவிட்டு வந்தேன். அண்ணன் வாங்கினான், மூடியைத் திறந்து பார்த்தான், பையில் போட்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் அவன். சட்டையில் சங்கிலி தொங்க அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே, கியர் போடத் தெரியாதவர்கள் அவன் பக்கத்தில் நடுங்குவார்களாம். அம்மா சொல்லித் தெரியும்.

"ம்" என்றான்.

"ம்" என்றேன்.

எழுந்திருக்கப் போகும்போது அறிவிப்பு வந்தது. பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம், எந்தப் பேருந்தும் இப்போதைக்குப் புறப்படாதாம். வேறு பெஞ்சு கிடையாது. இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தோம், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு. மழை தகரக் கூரையில் கொட்டியது. என் மனசு மட்டும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. இவ்வளவு நேரம் கிட்ட இருந்தால் அது ஓடுவதை இன்றைக்காவது பார்த்துவிடலாமே!

பெட்டியும் படுக்கையுமாக நின்ற ஒரு பெரியம்மா அவன் சங்கிலியைப் பார்த்துவிட்டு, "தம்பி, மணி என்னாச்சுப்பா?" என்று கேட்டார்.

அண்ணன் கடிகாரத்தை எடுத்தான். எடுப்பதற்கு முன், ஒரே ஒரு கணம், அவன் கண் நிலையத்தின் பெரிய மின்பலகைக்குப் போய் வந்தது. பிறகு மூடியைத் திறந்து, பெரிய மனுஷன் மாதிரி நெற்றியைச் சுருக்கி, சரியான மணியைச் சொன்னான்.

என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். அது என் கண்.

"அதைக் காட்டு" என்றேன்.

"எதை?"

"கடிகாரத்தை."

"இப்பத்தானே குடுத்தே. என் முறை இது."

"காட்டுடா!"

பெரியம்மா பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். அண்ணன் கடிகாரத்தை இறுகப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். மெதுவாகத் திறந்து நீட்டினான். நான் கழிப்பறையில் வைத்த மணி அப்படியே இருந்தது.

"இதோ பாரு, மிளகா" என்றான். கோபக்காரி என்று சின்ன வயதில் வைத்த பெயர். அவன் வாயால் அதைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது! "கத்தாதே. சொல்லிடுறேன். இது என் கையில நின்னு போச்சு. இன்னைக்கு இல்ல, முதல் வாரமே. அம்மா குடுத்த அன்னைக்கே. என்ன பண்ணினேன்னு எனக்கே தெரியல. நீ வர்றதுக்கு முன்னாடி அங்க, டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால நின்னு முள்ளைத் திருப்பி வச்சுட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் குடுப்பேன். உன்கிட்ட மட்டும் ஓடுது. திரும்பி வரும்போது சரியா மணி காட்டுது. எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும் போல இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"நான் கழிப்பறையில திருப்புவேன்" என்றேன்.

"என்னது?"

"முள்ளை. லேடீஸ் கழிப்பறையில. ஒவ்வொரு வாரமும்."

அவன் வாய் திறந்தது, மூடவில்லை. "அப்போ உன்கிட்ட...?"

"ஒரு நாளும் ஓடல."

"அப்பா உன் பக்கம்னுல்ல நினைச்சேன்" என்றான். "நான் உன்னைக் கூப்பிடாம விட்டதுக்கு எனக்குத் தண்டனைன்னு நினைச்சேன்."

நான் மட்டும்தான் இப்படிக் கிறுக்குத்தனமாக நினைப்பேன் என்று இருந்தேன். ஒரே வயிற்றில் பிறந்த கிறுக்கு, வேறு எப்படி இருக்கும்?

ஆனால் பாருங்கள், எங்கள் வீட்டுச் சண்டை லேசில் தீராது. உடனே அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. என் கையில்தான் முதலில் நின்றது, ஆகவே கடிகாரம் உனக்கு என்கிறான் அவன். கிடையாது, திருகாணியை முறுக்கி உடைத்தது நான், ஆகவே உனக்குத்தான் என்கிறேன் நான். பெரியம்மா தலையை இங்கும் அங்கும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணன் அம்மாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான். அம்மா அப்போது சித்தி வீட்டில் இருந்தாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. நீ என் கையில குடுத்தப்போ கடிகாரம் ஓடிட்டுதானே இருந்துச்சு?"

"எந்தக் கடிகாரம்?"

"அப்பா கடிகாரம்மா!"

"அதுவா?" என்றாள் அம்மா. "அது என்னைக்குடா ஓடுச்சு?"

மழைச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்து நான் போனைப் பிடுங்கினேன். "என்னம்மா சொல்றே? அப்பா தினமும் அதுல மணி பார்ப்பாரே!"

"வெளிய கிளம்பும்போது சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பிக்குவார். வாங்கினப்பவே ஓடாதுன்னு சொல்லித்தான் குடுத்தான் கடைக்காரன். சங்கிலி அழகா இருக்குன்னு வாங்கிட்டு வந்தார்."

"நீ ஏன் அதை அன்னைக்கே சொல்லல?"

"என்னை யாரு கேட்டா? நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்க, உங்க மாமா பசையைத் தேடிட்டு இருந்தான். ஓடாததுக்கு எதுக்குடா இவ்வளவு சண்டைன்னு எனக்கும் குழப்பமாத்தான் இருந்துச்சு. அப்பா ஞாபகத்துக்குக் கேட்கிறீங்க போலன்னு விட்டுட்டேன்."

"பொய் சொல்லாதேம்மா" என்றான் அண்ணன். "காதுல வச்சுக் காட்டுவாரே. டக் டக்குன்னு கேட்குமே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அம்மா பேசியபோது சிரிப்பதுபோல இருந்தது, மூக்கை உறிஞ்சுவதுபோலவும் இருந்தது.

"அது அவர் வாயி, கண்ணு. உங்களைக் கண்ணை மூடச் சொல்லிட்டு, காதுகிட்ட நாக்கைத் தட்டுவார். நீங்க ரெண்டும் ஆன்னு வாயைப் பொளந்துட்டுக் கேப்பீங்க."

போனை வைத்தோம். கடிகாரம் நடுவில், பெஞ்சின் மேல் கிடந்தது. நான் கேட்டேன், இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததை.

"அன்னைக்கு ஏன் என்னைக் கூப்பிடல?"

அவன் காப்பி இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நேரம் இருக்குன்னு நினைச்சேன்" என்றான். "எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிச்சார். நாளைக்கு நல்லா இருக்கும்போது உன்னைக் கூப்பிட்டா நீயும் அவரைச் சந்தோஷமா பார்க்கலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான், மிளகா. வேற ஒண்ணுமே இல்ல."

என் கோபம் போய்விட்டதா? தெரியவில்லை. எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மழை குறைந்தது. அவன் ஊர்ப் பேருந்தை அறிவித்தார்கள். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

"இப்போ இது யாருக்கு?" என்றான்.

"உன் முறைதானே. எடுத்துட்டுப் போ. அடுத்த ஞாயிறு கொண்டு வா, அண்ணா."

அண்ணா என்று சொல்லிவிட்டேன். அவன் அதைக் கவனிக்காத மாதிரி சங்கிலியை எடுத்தான். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான், இந்தத் தடவை நடுவில் இடம் விடாமல்.

"கண்ணை மூடு" என்றான்.

"போடா, ஆளுங்க பார்க்கிறாங்க."

"மூடுன்னா மூடு. அப்பத்தான் நல்லா கேட்கும்."

மூடினேன். குளிர்ந்த மூடி காதைத் தொட்டது. அதற்குப் பின்னால் அவன் மூச்சு சூடாக வந்தது. டக், டக், டக், டக் என்று கேட்டது.

"அப்பாவோடது இன்னும் மெதுவா இருக்கும்" என்றேன்.

அவன் மெதுவாக்கினான்.